அவர் சொன்னது அதுவா? காலநிலை விவாதத்தில் வைக்கோல் பொம்மைகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழ் வீடுகளில் 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை. டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீடு, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம். கல்லூரியில் படிக்கும் பெண் சொல்கிறாள்: "அந்த மாதிரி மழை வர்ற வாய்ப்பைக் காலநிலை மாற்றம் கூட்டியிருக்கு மாமா."

மாமா உடனே திருப்புகிறார்: "அப்போ காலநிலை மாற்றம் இல்லேன்னா வெள்ளமே வராதுங்கிறியா? 1917ல உம்கேனி ஆறு பெருகி நம்ம சனங்களை வாரிக்கிட்டுப் போச்சே. அப்போ எத்தனை காரு ஓடுச்சு, எத்தனை பிளேன் பறந்துச்சு?"

சுற்றி உட்கார்ந்தவர்கள் தலையாட்டுகிறார்கள். பெண்ணுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது.

மாமா சொன்ன செய்தி உண்மை. 1917 அக்டோபர் கடைசியில் உம்கேனி கரை புரண்டது. ஸ்பிரிங்ஃபீல்டு தாழ்நிலத்தில் காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைத்த இந்தியக் குடும்பங்களை அடித்துக்கொண்டு போனது. படவட்டான் ஆறுபேர் என்று பெயர்பெற்ற மீனவர்கள் ஒரு படகை வைத்துக்கொண்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கரை சேர்த்தது இந்த ஊர்த் தமிழர் மறக்காத வரலாறு. ஆனால் "முன்பெல்லாம் வெள்ளமே வந்ததில்லை" என்று அந்தப் பெண் எங்கே சொன்னாள்? "வாய்ப்பு கூடியிருக்கிறது" என்றுதான் சொன்னாள். மாமா அந்த வாக்கியத்தை ஒதுக்கிவிட்டு, அதே சாயலில் வேறொன்றைச் செய்து அவள் வாயில் வைத்தார். பிறகு அதை அடித்து வீழ்த்தினார். விழுந்தது மாமா செய்த வாக்கியம். அவள் சொன்னதை யாரும் தொடவே இல்லை.

இதற்குத்தான் வைக்கோல் பொம்மை வாதம் என்று பெயர். எதிரில் நிற்கும் ஆளோடு மோதாமல், அவரைப் போல ஒரு வைக்கோல் பொம்மையைக் கட்டி நிறுத்தி, அதைக் குத்திச் சாய்ப்பது. வேண்டுமென்றே செய்பவர்கள் உண்டு. தெரியாமல் செய்பவர்கள்தான் அதிகம். மாமா பொய் சொல்ல நினைக்கவில்லை. அவர் காதில் உண்மையிலேயே அப்படித்தான் விழுந்திருக்கும். அதனால்தான் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் பழக்கம் தேவைப்படுகிறது.

பொம்மை நம்பும்படி இருக்க வேண்டுமென்றால் அதில் பாதி உண்மை வேண்டும். முழுக்கப் பொய்யான வாக்கியத்தை ஒருவர் வாயில் வைத்தால் சபையே மறுத்துவிடும். ஆகவே முதலில் சொன்னதில் பெரும்பகுதி அப்படியே இருக்கும்; ஒரே ஒரு சிறிய சொல் மட்டும் மாறும். "கூட்டியிருக்கிறது" என்பது "உண்டாக்கியது" ஆகும். "சில" என்பது "எல்லா" ஆகும். "இருக்கலாம்" என்பது "இருக்கும்" ஆகும். "படிப்படியாக" என்பது காணாமலே போய்விடும். காலநிலை விவாதத்தில் இது அடிக்கடி நடப்பதற்குக் காரணம் உண்டு. அந்த அறிவியல் பேசுவதே வாய்ப்பு, வீச்சு, நிபந்தனை ஆகியவற்றின் மொழியில்தான். அந்தச் சிறு சொற்களில்தான் அதன் முழுப் பொருளும் தங்கியிருக்கிறது.

ஒரு ஆய்வு, இரண்டு பொம்மைகள்

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் கடற்கரை ஊர்கள் சிலவற்றில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. பழைய கோயில் நிற்கும் மவுண்ட் எட்ஜ்கோம்பும் அவற்றில் ஒன்று. டர்பன் இருக்கும் குவாசூலு-நடால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். டோங்காட்டின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கடுமையாகச் சேதமடைந்து, அந்த ஊர் மாதக்கணக்கில் லாரித் தண்ணீரை நம்பி வாழ்ந்தது.

அடுத்த மாதமே வேர்ல்டு வெதர் அட்ரிபியூஷன் என்ற ஆய்வுக் குழு தன் கணக்கை வெளியிட்டது. இரண்டு நாளில் ஒரு வட்டாரம் முழுவதும் பெய்யும் மழையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். உலகம் 1.2 டிகிரி சூடேறியிருந்த அன்றைய நிலையையும், அந்தச் சூடு ஏறாதிருந்த நிலையையும் ஒப்பிட்டார்கள். முன்பு ஏறக்குறைய 40 ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கக்கூடிய மழை, இப்போது 20 ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்க வேண்டியதாகிவிட்டது. அதாவது வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. மழையின் கனம் கூடியது 4 முதல் 8 விழுக்காடு வரை.

இந்த முடிவிலிருந்து எதிரெதிரான இரண்டு பொம்மைகள் பிறக்கின்றன.

முதல் பொம்மை: "காலநிலை மாற்றம்தான் டர்பன் வெள்ளத்தை உண்டாக்கியது என்று விஞ்ஞானிகள் சொல்லிவிட்டார்கள்." அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. மழையைக் கொண்டுவந்தது, மேல்வளியில் தனியே துண்டித்து நின்ற ஒரு தாழ்வழுத்தம். இந்தக் கரையில் அது புதியதில்லை. வெப்பம் கூடியதால் அந்தத் தாழ்வழுத்தத்தின் கையில் இருந்த ஈரம் கூடியது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும் என்பது பழைய இயற்பியல். 4 முதல் 8 என்ற கணக்கு அதோடு ஒத்துப்போகிறது.

இரண்டாவது பொம்மை இதைவிட நயமானது: "வெறும் 8 விழுக்காடு! இதுக்கா இத்தனை கூச்சல்?" இதைச் சொல்பவர் ஓர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறைக்கிறார். 300 மில்லிமீட்டர் மழையில் 4 முதல் 8 விழுக்காடு என்றால் 12 முதல் 24 மில்லிமீட்டர். சாதாரண நாளில் அது ஒரு நல்ல மழை, அவ்வளவுதான். ஆனால் வடிகாலும் மதகும் சரிவு மண்ணும் ஓர் எல்லைவரைதான் தாங்கும். வாய்வரை நிரம்பிய குடத்தில் கடைசியாக ஊற்றும் ஒரு செம்புத் தண்ணீர் எங்கே போகும்? தவிர, அரிதான நிகழ்வுகளில் கனம் சிறிது கூடினாலே வாய்ப்பு நிறைய மாறிவிடும். 40 ஆண்டுக்கு ஒருமுறை என்பது எந்த ஓர் ஆண்டிலும் 2.5 விழுக்காடு வாய்ப்பு. 20 ஆண்டுக்கு ஒருமுறை என்பது 5 விழுக்காடு. வீட்டுக் கடன் கட்டும் 20 ஆண்டுக் காலத்தில் அப்படி ஒரு மழையையாவது சந்திக்கும் வாய்ப்பு, பழைய கணக்கில் சுமார் 40 விழுக்காடு. புதிய கணக்கில் சுமார் 64. இந்த இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் ஆய்வு சொன்னது முழுமையாகும்.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: வெள்ளம் எல்லோரையும் ஒரே அளவில் தாக்கவில்லை, ஆற்றோரத்திலும் செங்குத்துச் சரிவிலும் தகரக் குடிசை கட்டி வாழ்ந்தவர்களைத்தான் கொடுமையாகத் தாக்கியது. இனஒதுக்கல் காலத்தில் யாரை எங்கே குடியமர்த்தினார்கள் என்ற வரலாறு அதற்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே "விஞ்ஞானிகள் எல்லாப் பழியையும் காலநிலை மேல் போட்டு மாநகராட்சியைத் தப்பவிடுகிறார்கள்" என்று யாராவது சொன்னால், அது மூன்றாவது பொம்மை.

பொம்மை கட்டப் பயன்படும் வைக்கோல்

எளிதில் கிடைக்கும் வைக்கோல், யாரும் சொல்லாத ஒரு முழுமை. 2024 செப்டம்பரில், புரட்டாசி விரதம் தொடங்கிய அதே வாரத்தில், டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் இடையே வான் ரீனன் கணவாயில் பனி கொட்டி என்3 நெடுஞ்சாலை அடைபட்டது. வண்டிகளுக்குள்ளேயே இரவைக் கழித்தவர்கள் உண்டு. "உலகம் சூடேறுதுன்னாங்களே, இது என்ன?" என்ற கேள்வி இப்படிப்பட்ட சமயத்தில் எழாமல் இருக்காது. 2015 பிப்ரவரியில் அமெரிக்க செனட் சபைக்குள் செனட்டர் ஜிம் இன்ஹோஃப் ஒரு பனியுருண்டையைக் கொண்டுவந்து வீசியதும் இதே வாதம்தான். சூடேறும் உலகத்தில் இனிப் பனியே விழாது என்று எந்த ஆய்வும் சொன்னதில்லை. உலகச் சராசரி ஒரு டிகிரிக்குமேல் உயர்ந்தாலும், தென்துருவப் பக்கத்துக் குளிர்காற்று டிராகன்ஸ்பர்க் மலைமேல் ஏறினால் பனி விழத்தான் செய்யும்.

அடுத்தது வெட்டியெடுத்த மேற்கோள். 2009 நவம்பரில் இங்கிலாந்தின் கிழக்கு ஆங்லியா பல்கலைக்கழகத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் திருடி வெளியிடப்பட்டன. அதில் 1999இல் அங்கிருந்த காலநிலை விஞ்ஞானி பில் ஜோன்ஸ் எழுதிய ஒரு மடலில் "சரிவை மறைக்க" என்ற சொற்கள் இருந்தன. வெப்பநிலை சரிவதை விஞ்ஞானிகள் மறைக்கிறார்கள் என்று அது உலகம் சுற்றியது. மடலில் பேசப்பட்ட சரிவு வேறு. பழங்கால வெப்பத்தை மர வளையங்களைக் கொண்டு கணிக்கும்போது, 1960க்குப் பிறகு சில வடபகுதி மரங்களின் வளையங்கள் வெப்பமானியோடு ஒத்துப்போகவில்லை. வெப்பமானி ஏற்றம் காட்டியது. வளையம் இறக்கம் காட்டியது. அந்த வளையத் தரவை ஒரு வரைபடத்தில் விட்டுவிட்டு வெப்பமானித் தரவைச் சேர்த்தார்கள். பின்னர் நடந்த விசாரணைகள் எதிலும் தரவைப் புனைந்ததாக முடிவு வரவில்லை. அதே நேரத்தில், அந்த இணைப்பை வரைபடத்தில் விளக்காமல் விட்டது படிப்பவரைத் தவறாக வழிநடத்தும் என்று 2010இல் ஒரு விசாரணைக் குழு குறை சொன்னது. அந்தக் குறையையும் சொல்லத்தான் வேண்டும். சொல்லாமல் விட்டால் நாமே ஒரு பொம்மை கட்டியவர்கள் ஆவோம்.

எண்ணை எடுத்துக்கொண்டு அதன் வாக்கியத்தை மாற்றுவதும் உண்டு. "97 விழுக்காடு விஞ்ஞானிகள்" என்பது எல்லோர் காதிலும் விழுந்த எண். 2013இல் ஆய்வாளர் ஜான் குக்கும் கூட்டாளிகளும் 1991 முதல் 2011 வரை வந்த 11,944 ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கங்களைப் படித்து வகைப்படுத்தினார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குச் சுருக்கங்கள், வெப்பமேற்றத்துக்கு மனிதர்தான் காரணமா என்ற கேள்வியைத் தொடவில்லை. தொட்டவற்றில் 97 விழுக்காடு, மனிதர் காரணம் என்பதை ஏற்றன. இங்கே ஒரு தரப்பு "97 விழுக்காடு பேர் உலகம் அழியும் என்கிறார்கள்" என்று நீட்டுகிறது. அந்த ஆய்வு அழிவைப் பற்றிப் பேசவே இல்லை. மறுதரப்பு "மூன்றில் இரண்டு பங்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று சுருக்குகிறது. பேசாமலிருப்பது மறுப்பு ஆகுமா? மலேரியா மருந்தைப் பற்றி எழுதுபவர் ஒவ்வொரு கட்டுரையிலும் கொசுதான் காரணம் என்று எழுதிக்கொண்டிருக்க மாட்டார். வெளிப்படையாக மறுத்த சுருக்கங்கள் மொத்தத்தில் 0.7 விழுக்காடு மட்டுமே.

சில சமயம் பொம்மைக்கான வைக்கோலை நம் பக்கத்து ஆட்களே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். இதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். 2018இல் ஐபிசிசி என்ற ஐ.நா. காலநிலைக் குழு, வெப்பமேற்றத்தை 1.5 டிகிரியில் நிறுத்த வேண்டுமானால் உலகக் கரியமில வாயு வெளியீடு 2010 அளவிலிருந்து 2030க்குள் சுமார் 45 விழுக்காடு குறைய வேண்டும், 2050 வாக்கில் நிகரச் சுழியத்தை (வெளியிடுவதும் உறிஞ்சுவதும் சமமாகும் நிலையை) தொட வேண்டும் என்றது. இதில் ஒரு "வேண்டுமானால்" இருக்கிறது. செய்தித் தலைப்பு அதை "இன்னும் 12 ஆண்டுகள்தான்" என்று சுருக்கியது. ஊர்வலப் பதாகை அதை "12 ஆண்டில் உலகம் முடிந்துவிடும்" என்று நீட்டியது. எதிர்த்தரப்பு அந்தப் பதாகையைப் பிடித்துக்கொண்டு, "2030இல் உலகம் அழியும் என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள், பார்க்கலாம்" என்கிறது. அறிக்கையில் இல்லாத வாக்கியம் மூன்று கை மாறி அறிக்கையின் பெயரிலேயே வந்து நிற்கிறது. அக்கறையால் மிகைப்படுத்துபவர்கள் இதை யோசிக்க வேண்டும். அவர்கள் கூட்டிச் சொன்ன அளவு அப்படியே எதிராளியின் கைக்குப் போகிறது.

கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் ஒருவரைப் பிடித்து முழுக் கூட்டத்தின் முகமாக்குவதும் இந்த வகைதான். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரே பானையில், ஒரே தீயில் வெந்த சோற்றுக்கு அது பொருந்தும். ஒரு பெரிய கருத்துத் தரப்பு அப்படி வெந்ததில்லை. நிலக்கரி நிலையங்களை நாளைக்கே மூடு என்று ஒருவர் கத்துவார். அவருக்குப் பக்கத்திலேயே 20 ஆண்டுத் திட்டம் கேட்பவர் நிற்பார்.

நிலக்கரிப் பேச்சில் நடப்பது

இதுவரை வந்த எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலும் காலநிலை அறிவியல்தான் திரிக்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் மறுபக்கத்துத் திரிபும் அன்றாடம் நடக்கிறது. காலநிலையில் அக்கறை உள்ளவர்கள் அதைக் கவனிப்பதில்லை என்பதே எங்கள் பெரிய மனக்குறை.

இந்நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. ம்புமலங்கா மாகாணத்தின் ஊர்கள் பல, சுரங்கத்தையும் அரசு மின் நிறுவனமான எஸ்காமின் அனல் நிலையங்களையும் நம்பியே இருக்கின்றன. 2021 நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் மாற்று எரிசக்திக்கு நகர 850 கோடி டாலர் தருவதாகச் சில பணக்கார நாடுகள் அறிவித்தன. அதில் பெரும்பகுதி கடன். 2022 அக்டோபரில் கொமாட்டி அனல் நிலையத்தின் கடைசி அலகு நிறுத்தப்பட்டது.

இப்போது ஒருவர் சொல்கிறார்: "கொமாட்டியில் வேலை பார்த்தவர்களுக்கு அடுத்த பிழைப்பைக் காட்டாமல் அடுத்த நிலையத்தை மூடக் கூடாது." இதைக் கேட்டவுடன் "இவர் காலநிலை மாற்றத்தை மறுப்பவர்" என்று முத்திரை விழுகிறது. இன்னொருவர் "கடனை வாங்கி மாறச் சொல்கிறார்களே, அதை யார் அடைப்பது?" என்று கேட்கிறார். "நிலக்கரிக் கும்பலின் ஆள்" என்கிறார்கள். இரண்டு கேள்வியிலும் அறிவியல் மறுப்பு ஒரு எழுத்துகூட இல்லை. முதலாவது கேட்பது வரிசையை: எது முன், எது பின். இரண்டாவது கேட்பது சுமையை: யார் தோளில் எவ்வளவு. லோட் ஷெடிங் என்ற சுழற்சி மின்வெட்டில் இருட்டில் உட்கார்ந்து கடையை நடத்திய மனிதர் "முதலில் கரண்டு நிற்காமல் இருக்கட்டும்" என்றால், அவரை அறிவிலி என்று ஒதுக்குவது பிழை மட்டுமில்லை, அநியாயம்.

எதிர்த் திசையிலும் அப்படித்தான். படிப்படியான மாற்றம் கேட்பவரைப் பார்த்து "எல்லா நிலையத்தையும் மூடிட்டு மாட்டு வண்டியில் போகச் சொல்றான்" என்கிறார்கள். தென்னாப்பிரிக்கா 2021இல் உலகுக்கு அளித்த உறுதியோ, 2030இல் பசுங்குடில் வாயு வெளியீட்டை 350 முதல் 420 மெகாடன் (ஒரு மெகாடன் பத்து லட்சம் டன்) வரையிலான வீச்சுக்குள் வைப்பது. நாளைக்கே மூடுவது என்ற பேச்சு அதில் எங்கும் இல்லை.

வெள்ளத்துக்குப் பிறகு வடிகால் தூர்வாரவில்லை என்று குரல் கொடுத்தவர்களும் இப்படி மாட்டிக்கொண்டார்கள். "வடிகாலைப் பற்றிப் பேசுகிறாயே, காலநிலை மாற்றம் இல்லை என்கிறாயா?" என்று கேட்பது வீண். கனமழை கூடும் என்று நம்புகிறவர்தான் வடிகாலைப் பற்றி முதலில் கவலைப்பட வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். எதிராளியின் கருத்தைச் சரியாக எடுத்துச் சொல்வது என்பதற்கு, இரண்டு தரப்புக்கும் சம எடை கொடுப்பது என்று பொருள் இல்லை. மனிதர் செயலால் பூமி சூடேறியது ஐயத்துக்கு இடமில்லாதது என்று 2021இல் ஐபிசிசி எழுதியது. அதை மறுப்பவரின் வாதத்தை ஒரு சொல் பிசகாமல் எடுத்துச் சொல்லிவிட்டு, அது தவறு என்றும் சொல்லலாம்.

எது பொம்மை இல்லை

இந்தச் சொல்லைக் கற்றுக்கொண்ட புதிதில் எதைப் பார்த்தாலும் பொம்மையாகத் தெரியும். சுருக்கிச் சொல்வது பொம்மை இல்லை. பொருள் மாறாமல் இருந்தால் போதும். "நீங்கள் சொல்வதை ஏற்றால் இந்த விளைவு வருமே" என்று காட்டுவதும் பொம்மை இல்லை. விளைவை விளைவு என்றே சொல்ல வேண்டும், "நீங்கள் இதைத்தான் சொல்கிறீர்கள்" என்று மாற்றக் கூடாது. ஒருவர் உண்மையிலேயே விபரீதமாகச் சொன்னதை அவர் பெயரோடு மறுப்பதும் நியாயமே. உலக வெப்பமேற்றம் என்பதே அமெரிக்கத் தொழிலை முடக்கச் சீனர்கள் உண்டாக்கிய கருத்து என்று 2012 நவம்பரில் டொனால்ட் டிரம்ப் எழுதினார். அதை மறுப்பவர் பொம்மையோடு மோதவில்லை. கொமாட்டித் தொழிலாளியும் அதைத்தான் நினைக்கிறார் என்று சொன்னால், அந்த இடத்தில் பொம்மை பிறக்கிறது.

சோதித்துப் பார்ப்பது எப்படி

வாட்ஸ்அப் குழுவில் "இன்னார் இப்படிச் சொன்னார்" என்று ஒன்று வந்தால், முதலில் அந்த இன்னாரின் சொந்த வாக்கியத்தைத் தேட வேண்டும். அது கிடைக்கும்வரை விவாதத்தில் இறங்கவே வேண்டாம். துண்டு வீடியோ என்றால் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நிமிடம் பார்க்க வேண்டும். கேள்வி என்ன என்பது பெரும்பாலும் வெட்டப்பட்ட பகுதியில் இருக்கும். மூல வாக்கியம் கிடைத்ததும் ஒரு தாளில் இரண்டையும் மேலும் கீழுமாக எழுதுங்கள். அளவு, காலம், நிபந்தனை, உறுதி ஆகிய நான்கையும் குறிக்கும் சொற்களைக் கோடிடுங்கள். கோடிட்ட சொற்களில் எது கீழே வரும்போது மாறியது அல்லது மறைந்தது? திரிபு அங்கேதான் இருக்கும்.

உறுதியைக் குறிக்கும் சொற்களில் கூடுதல் கவனம் தேவை. ஐபிசிசி அறிக்கையில் அவை பேச்சு வழக்கில் வருவதில்லை. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. "வாய்ப்பு உண்டு" என்ற படிக்கு 66 விழுக்காட்டுக்கு மேல் என்று பொருள். "மிகவும் வாய்ப்பு உண்டு" என்றால் 90க்கு மேல். "ஏறக்குறைய உறுதி" என்றால் 99க்கு மேல். நம் வழக்கில் "வாய்ப்பு உண்டு" என்பது "இருக்கலாம், இல்லாமலும் போகலாம்" என்று ஒலிப்பதால், மொழிபெயர்ப்பிலேயே பாதித் திரிபு நடந்துவிடுகிறது.

தயக்கத்தைக் காட்டும் சொற்களும் அந்த அறிக்கையில் உண்டு. 2024 ஜூன் 3 அன்று டோங்காட்டில் சுழற்காற்று வீடுகளைப் பிய்த்தெறிந்தது. அதுவும் காலநிலை மாற்றத்தால்தான் என்று பலர் அன்றைக்கே எழுதினார்கள். இப்படிச் சிறு பரப்பில் வீசும் சுழற்காற்று கூடுகிறதா குறைகிறதா என்பதில் ஐபிசிசி 2021இல் தெரிவித்தது குறைந்த நம்பிக்கையே. நீண்டகாலப் பதிவுகள் போதவில்லை. கனமழை விஷயத்தில் இருக்கும் உறுதியைச் சுழற்காற்றுக்கும் நீட்டினால், எதிராளி சுழற்காற்றை வீழ்த்திவிட்டுக் கனமழையையும் வீழ்த்தியதாகச் சொல்லிவிடுவார்.

உங்கள் வாயில் பொம்மையை வைத்தால்

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, அந்தப் பொம்மையைக் காப்பாற்றப் போவது. சாட்ஸ்வொர்த் பெண் "1917 வெள்ளம் இவ்வளவு பெரிசில்லையே மாமா" என்று தொடங்கினால், தான் சொல்லாத வாக்கியத்துக்கு அவளே வக்கீல் ஆகிவிடுகிறாள். அங்கிருந்து மீள முடியாது. "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று நாலு முறை மறுப்பதும் உதவாது. கேட்பவர் மனதில் அந்த வாக்கியம்தான் பதியும்.

செய்ய வேண்டியது சிறியது. மாமா சொன்னதில் உண்மையான பகுதியை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். பெரியவர் முன்னால் அது மரியாதை. விவாதத்திலும் அதுதான் வலிமை. பிறகு தன் வாக்கியத்தை அதே சொற்களில், ஒரே முறை, திரும்பச் சொல்ல வேண்டும். கடைசியில் அந்த வாக்கியத்தைக் குறித்தே ஒரு கேள்வி கேட்க வேண்டும். எழுத்தில் என்றால் மூன்று வரிக்கு மேல் போகாதீர்கள். நீண்ட பதிலில் இன்னொரு பொம்மைக்கு வேண்டிய வைக்கோல் கிடைத்துவிடும்.

எதிராளியின் கருத்தை நாம் எடுத்துச் சொல்லும்போது என்ன செய்வது? தமிழ் இதை நெடுங்காலமாக அறியும். நன்னூல் சொல்லும் எழுவகை மதத்தில் (இங்கே மதம் என்றால் கொள்கை) ஒன்று, பிறர்தம் மதம் மேற்கொண்டு களைதல். பிறர் கொள்கையை முதலில் ஏற்று நிறுத்திவிட்டு, அதன் பிறகு நீக்குவது. சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்குப் பரபக்கம் என்ற சொல் தெரியும்: தன் கொள்கையை நிறுவும் சுபக்கத்துக்கு முன்னால் மற்றச் சமயங்களின் கொள்கைகளை எடுத்துச் சொல்லி மறுக்கும் பகுதி. களைவதற்கு முன் மேற்கொள்ள வேண்டும் என்ற அந்த வரிசைதான் முக்கியம்.

வீட்டில் இதைப் பழக ஒரு வழி: மறுப்பதற்கு முன் "நீங்க சொல்றது இதுதானே" என்று தொடங்கி, அவர் கருத்தை உங்கள் சொல்லில் சொல்லுங்கள். அவர் "ஆமாம், அதேதான்" என்று சொல்லும்வரை மறுக்கத் தொடங்காதீர்கள். "இல்லை" என்றால் எந்தச் சொல் தவறு என்று கேட்டுத் திருத்துங்கள். பெரும்பாலும் இரண்டாவது முறையில் சரியாகிவிடும். மூன்று முறைக்குப் பின்னும் அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், அவர் நிலைப்பாடு அவருக்கே தெளிவாகவில்லை என்று பொருள். அங்கே விவாதத்தை நிறுத்திவிட்டுக் கேள்வி மட்டும் கேட்கலாம். இதில் ஒரு பொறி உண்டு. அவர் கருத்தை ஒப்புவித்துவிட்டு அதற்கு அவர் தரும் காரணத்தை விட்டுவிடுவது. "நீங்க நிலக்கரி வேணும்னு சொல்றீங்க" என்பது பாதிதான். "வேலையும் கரண்டும் நின்றுபோகும் என்று பயந்து, மாற்று வரும்வரை நிலக்கரி வேணும்னு சொல்றீங்க" என்றால்தான் அவர் தலையாட்டுவார்.

இனி அந்தச் சாப்பாட்டு மேசைக்குத் திரும்பலாம்.

"1917ல வந்தது உண்மைதான் மாமா. தாத்தா சொல்லிக் கேட்டிருக்கேன். நான் சொன்னது, அந்த மாதிரி மழை முன்னைவிட அடிக்கடி வரும்ங்கிறதுதான். 40 வருஷத்துக்கு ஒருக்கா வந்தது 20 வருஷத்துக்கு ஒருக்கான்னு கணக்குப் போட்டிருக்காங்க. அது தப்புன்னு நினைக்கிறீங்களா?"

மாமா கொஞ்ச நேரம் யோசிக்கிறார். "தப்புன்னு சொல்லலை. ஆனா எல்லாம் காலநிலைன்னு சொல்லிட்டா, அந்தச் சரிவுல வீடு கட்ட விட்டவங்களை யாரு கேக்குறது? மதகு அடைச்சுக் கிடந்துச்சே, அதை யாரு கேக்குறது?"

"அப்போ நீங்க சொல்றது, மழை கூடினாலும் கூடட்டும், செத்ததுக்குக் காரணம் சரிவும் வடிகாலும்னுதானே?"

"ஆமா. அதேதான்."

"20 வருஷத்துக்கு ஒருக்கா வரப்போகுதுன்னா, எந்த அளவு தண்ணியைத் தாங்குற மாதிரி அந்த வடிகாலைக் கட்டணும் மாமா?"